ஸ்டெம் செல்லும் ரசீதும்

வட சென்னையில் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஸ்டெம் செல் அறிமுகமானது வெந்துபோன கண்கள் வழியாகத்தான். காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ரெசின் கலக்கும்போது தெறிக்கும் ஹார்டனர், ஐஸ் பிளாண்ட்டில் கசியும் அமோனியா, மணலி ஆலைகளில் குழாய் கழுவும் காஸ்டிக் சோடா, திருவொற்றியூர் பட்டறைகளில் பேட்டரி ஆசிட், வெள்ளையடிக்கிற வீட்டில் கரைத்து வைத்த சுண்ணாம்பு, வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கிப் பார்ப்பது என்று இந்தப் பகுதியில் கண் வேகும் வழிகள் பல. ஆசிட் பட்டால் கண்ணின் மேல்தோலில் உள்ள புரதம் கெட்டியாகி, ஓரளவுக்கு அதுவே தடுப்பாக நின்றுவிடும். சுண்ணாம்பும் காஸ்டிக்கும் அமோனியாவும் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் குழாய் இருந்து, அரைமணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவியவருக்குக் கண் தப்ப வழியுண்டு. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணைப் பொத்தியபடி ஆட்டோவில் ஏறியவருக்குப் பெரும்பாலும் தப்பாது. சில மாதங்களில் கருவிழி வெளுத்து, ரத்தக்குழாய்களோடு சதை அதன் மேல் படர்ந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் இதற்குத் தெரிந்த ஒரே பெரிய வைத்தியம் கருவிழி மாற்று. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு நோயாளி போவார். இறந்தவர் தானம் தந்த கருவிழியைத் தைப்பார்கள். முதலில் தெளிவாக இருக்கும். பிறகு அதுவும் வெளுக்கும். இன்னொரு முறை மாற்றினாலும் அதேதான் நடக்கும். தானம் வந்த கண் 'சேரவில்லை' என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மைக் காரணத்தை 1980களின் ஆய்வுகள் காட்டின. கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதற்குப் புதுச் செல்களை அனுப்புபவை, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓர வளையத்தில் குடியிருக்கும் ஸ்டெம் செல்கள். ரசாயனம் பட்டு அழிந்தது அந்த வளையம். மாற்று அறுவையில் வைக்கப்பட்டது நடுப்பகுதி. நாற்றங்கால் அழிந்த பிறகு வயலில் எத்தனை முறை நட்டாலும் அடுத்த போகத்துக்கு நாற்று ஏது?

1989இல் அமெரிக்காவில் கென்யனும் செங்கும், நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து திசுவை எடுத்துக் கெட்ட கண்ணில் வைத்துக் காட்டினார்கள். வழி திறந்தது. ஆனால் எடுக்க வேண்டிய துண்டு பெரியது. ஒரு கண்ணை மட்டும் நம்பிக் குடும்பத்தை ஓட்டும் வெல்டரிடம் போய், அந்த நல்ல கண்ணிலிருந்து கணிசமான பகுதியைத் தாருங்கள் என்று கேட்க மருத்துவருக்கு மனம் வராது. 1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெலெக்ரினியும் மிக்கேல் டி லூக்காவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திசுவை ஆய்வகத்தில் தோலாக வளர்த்துக் கண்ணில் பொருத்தினார்கள். 2001 முதல் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை அதைப் பெரிய அளவில் செய்தது. 2010இல் வெளியான இத்தாலியர்களின் கணக்கில் 112 நோயாளிகள் இருந்தார்கள், 76.6 சதவீதக் கண்களில் தெளிவான மேல்தோல் நிலைத்தது. ஏறக்குறைய நாலில் ஒரு கண்ணில் முழு வெற்றி கிடைக்கவில்லை என்பதையும் அதே கட்டுரை ஒளிக்காமல் சொல்லியிருந்தது. எங்களுக்கு அதன் மேல் நம்பிக்கை வந்ததற்கு அந்த நாலில் ஒன்றும் ஒரு காரணம்.

அதன் பிறகு நடந்ததுதான் என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மாற்றங்களில் முதன்மையானது. 2012இல் ஹைதராபாத்தில் விரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் ஆய்வகமே வேண்டாம் என்றார்கள். நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் திசு, அதைப் பத்து நுண்துண்டுகள் அளவுக்கு நறுக்குவது, கெட்ட கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் அவற்றை ஃபைப்ரின் பசையால் ஒட்டுவது. ஒரே அறுவையில் வேலை முடிகிறது. செல்களைக் கண்ணே வளர்த்துக்கொள்கிறது. 'ஸ்லெட்' என்று நாங்கள் அழைக்கும் இந்த முறையில் சிகிச்சை பெற்ற 125 பேரின் முடிவு 2016இல் வெளியானது. வெற்றி 76 சதவீதம். ஆய்வகத்தில் வளர்த்து வைத்ததற்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. ஐரோப்பாவில் 2015இல் அனுமதி பெற்ற ஹோலோக்ளார் என்னும் வளர்ப்பு முறைக்கு, இங்கிலாந்தில் 2017இல் ஒரு கண்ணுக்குப் பட்டியல் விலை 80,000 பவுண்டாக இருந்தது. இத்தாலிய ஆய்வின் நோயாளிகளும் ஹைதராபாத் ஆய்வின் நோயாளிகளும் வேறு, அளந்த விதமும் வேறு என்பதால் இவற்றை நேருக்கு நேர் வைத்து ஒன்றை உயர்த்திப் பேசக் கூடாதுதான். ஆனாலும் நல்ல அறிவியல் கைக்கு வந்த பிறகு சிகிச்சை எளிமையாகவும் மலிவாகவும் ஆக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தக் கண் கதையோடு எலும்பு மஜ்ஜை மாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டெம் செல் சிகிச்சை எங்கே உண்மையாகவே வேலை செய்கிறது என்பது விளங்கும். மஜ்ஜை மாற்றில் டொனால் தாமஸ் 1957இல் தொடங்கிய முயற்சி நோபல் பரிசு வரை போக 33 ஆண்டுகள் ஆயின. நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி 1986இல் அதைத் தொடங்கினார். இன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் அதற்கான பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. கண்ணிலும் சரி, மஜ்ஜையிலும் சரி, வைக்கப்படும் செல் தான் பிறந்த இடத்தில், தான் எப்போதும் செய்துவந்த வேலையையே செய்கிறது. ரத்தம் உண்டாக்கும் செல் ரத்தம் உண்டாக்குகிறது. கருவிழித் தோல் வளர்ப்பது கருவிழித் தோல் வளர்க்கிறது. இடுப்புக் கொழுப்பிலிருந்து எடுத்த செல் முதுகுத்தண்டில் நரம்பாகும், மூளைக்குப் போய் ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்பது முற்றிலும் வேறு கூற்று. அது நாளை உண்மையாகலாம். ஆகும்வரை அது ஆய்வு. ஆய்வின் செலவை ஆய்வாளர் ஏற்க வேண்டும். நோயாளியிடம் ரசீது போட்டுப் பணம் வாங்கினால் அங்கே ஆய்வு நடக்கவில்லை, விற்பனை நடக்கிறது. ஸ்டெம் செல் விஷயத்தில் நோயாளிகளுக்கு நான் கொடுக்கக்கூடிய அளவுகோல் இது ஒன்றுதான். மற்றவற்றைச் சோதிக்க அவர்களுக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை.

இந்த அளவுகோலை முதலில் தொப்புள்கொடி ரத்தத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். 2004 முதல் சென்னையில் தனியார் சேமிப்பு வங்கிகள் வளர்ந்தன. பிரசவத் தேதி நெருங்கும் தம்பதியிடம், குழந்தையின் எதிர்காலத்துக்குக் காப்பீடு என்று சொல்லித் தவணை முறையில் பணம் கேட்கும் வழக்கம் நகரம் முழுக்கப் பரவியது. தங்கச் சாலை, ராயபுரம் வியாபாரக் குடும்பங்களும் துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர்களும் கட்டினார்கள். தன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் ஒருவருக்குப் பயன்படும் வாய்ப்பு 2,500இல் ஒன்று முதல் இரண்டு லட்சத்தில் ஒன்று வரைதான் என்ற மதிப்பீட்டை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே 2018இல் எடுத்துக்காட்டித் தனியார் சேமிப்பை ஊக்குவிக்க வேண்டாம் என்றது. தலசீமியா போன்ற பிறவி நோய் வந்தால் அந்தப் பழுது சேமித்த ரத்தத்திலும் இருக்கும். 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன் செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றிலும் சிறுவனுக்குக் கொடுத்தது அவன் தங்கையின் ரத்தம்தான். தொப்புள்கொடி ரத்தம் பிறருக்குப் பயன்படுவது. பொதுவில் சேர்த்தால்தான் அதற்கு மதிப்பு. சென்னையின் ஜீவன் ரத்த வங்கி அப்படிப் பொதுச் சேமிப்பை உருவாக்க முயன்றது. 2009இல் தொடங்கிய தாத்ரி, முன்பின் தெரியாதவருக்கு ஸ்டெம் செல் தானம் தர முன்வருபவர்களின் பதிவேட்டை நடத்துகிறது. நம் ஊரில் உறவுக்குள் திருமணம் அதிகம் என்பதால் பிறவி நோய்களும் கூடுகின்றன. அதே காரணத்தால் உடன்பிறந்தவர் பொருந்தாதபோது அத்தை, மாமா வழியில் பொருத்தமான கொடையாளி கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. தவணை கட்டச் சொன்னவர்களைவிட, உங்கள் உறவினர்களை ஒருமுறை அழைத்து வாருங்கள், பரிசோதித்துப் பார்ப்போம் என்று சொன்ன மருத்துவர்கள் அந்தக் குடும்பங்களுக்கு அதிகம் செய்தார்கள்.

என் துறைக்குள்ளேயே கடுமையான சோதனை விழித்திரையில் வந்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் உறவுத் திருமணக் குடும்பங்களில் கூடுதலாகத் தெரியும். இருட்டில் தடுமாறத் தொடங்கும் பையன், பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, நடு வயதில் ஒரு குழல் வழியாகப் பார்ப்பதுபோல உலகைப் பார்க்கிறான். அவர்களில் பெரும்பாலோரிடம் கண் மருத்துவர் சொல்ல முடிந்ததெல்லாம், இதற்கு இப்போது சிகிச்சை இல்லை என்பதுதான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு வரும் மௌனத்தில்தான் கிளினிக்குகள் நுழைகின்றன. இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ செல்லை எடுத்து அன்றைக்கே கண்ணில் ஊசியாகப் போடுகிறார்கள். 'உங்கள் சொந்த செல்தானே, என்ன கெட்டுவிடும்' என்ற ஒரே வாதத்தில் வியாபாரம் ஓடுகிறது. நகை அடகிலிருந்தும், சில குடும்பங்களில் வாடகைக்கு விட்டிருந்த ஆட்டோவின் விற்பனையிலிருந்தும் அதற்கான பணம் வருகிறது. பார்வை ஓரிரு வாரம் கூடியதுபோல் தோன்றுவதும் உண்டு. எதிர்பார்ப்போடு எழுத்துப் பலகையைப் படிப்பவர் ஒரு வரி கூடுதலாகப் படிப்பார் என்பது கண் மருத்துவர் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு வைப்பது அதனால்தான்.

சொந்த செல்லால் என்ன கெடும் என்பதற்கு 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இதழ் விடை சொன்னது. அதில் இரண்டு கட்டுரைகள் அருகருகே வந்தன. ஒன்று ஃபுளோரிடாவிலிருந்து. விழித்திரைத் தேய்மானம் கொண்ட வயதான பெண்கள் மூவர், தலைக்கு 5,000 டாலர் கட்டித் தங்கள் சொந்தக் கொழுப்பு செல்லை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அரசு ஆய்வுப் பட்டியலில் அந்தக் கிளினிக்கின் பெயர் இருந்ததைப் பார்த்து, தாங்கள் மருத்துவ ஆய்வில் சேர்கிறோம் என்றே அவர்களில் சிலர் நம்பியிருந்தார்கள். மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். இரண்டாவது கட்டுரை ஜப்பானின் கோபே நகரிலிருந்து. மசாயோ தகாஹாஷியின் குழு, ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா 2006இல் கண்டுபிடித்த முறையில் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, விழித்திரையின் அடித்தோலாக வளர்த்து, 2014இல் ஒரு பெண்ணின் ஒரே ஒரு கண்ணில் வைத்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை என்று அப்படியே எழுதினார்கள். இரண்டாவது நோயாளிக்கு வளர்த்த செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அறுவையை நிறுத்திவிட்டார்கள். முதல் இடத்தில் பணம் வாங்கினார்கள், இரண்டு கண்ணிலும் போட்டார்கள். இரண்டாவது இடத்தில் பணம் வாங்கவில்லை, ஒரு கண்ணோடு நின்றார்கள், சந்தேகம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஸ்டெம் செல் சிகிச்சை என்ற ஒரே பெயரால் அழைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் புதுச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்பது கண் மருத்துவத்தின் பால பாடம். பணம் வாங்கும் இடத்தில் அந்தப் பாடம் மறந்துபோவதற்குக் காரணம் உண்டு: இரண்டாவது கண்ணுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால், முதல் கண்ணின் கதையைப் பார்த்துவிட்டு நோயாளி வராமல் போகலாம்.

இந்தியச் சட்டம் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 நெறிமுறைகள் ஸ்டெம் செல் 'ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்ற தலைப்போடு வந்தன. 2013 பதிப்பில் சிகிச்சை என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017 பதிப்பு, ரத்த நோய்களுக்கான மாற்று தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வாகவே நடத்த வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொன்னது. 2019இன் புதிய மருந்து விதிகளில் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய பொருள் புது மருந்தாக வகைப்படுத்தப்பட்டது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், ஆய்வகத்தில் வளர்க்காமல் அன்றைக்கே எடுத்து அன்றைக்கே திருப்பிப் போடுவதை மருந்தென்று சொல்ல முடியாது, அது எங்கள் அறுவை முறை என்று வாதிட இடம் இருக்கிறது. ஸ்லெட்டும் அன்றைக்கே முடிகிறதே என்று கேட்கலாம். கண்ணோரத் திசு கண்ணோரத்திலேயே தன் பழைய வேலைக்குத் திரும்புகிறது. வயிற்றுக் கொழுப்பு விழித்திரையில் போய் என்ன வேலை செய்யும் என்று போட்டவருக்கே தெரியாது. எடுத்த இடமும் வைக்கிற இடமும் ஒரே வேலைக்கானவையா என்ற கேள்வியை விதிகளில் சேர்த்து, அதை மாவட்ட அளவில் மருந்து ஆய்வாளர் கேட்கும்படி செய்தால் பாதிக் கடைகள் மூடும்.

இதற்கெல்லாம் எதிராக வரும் வாதங்களில் வலுவானது, வேறு வழியே இல்லாதவர் தன் சொந்தப் பணத்தில் முயன்று பார்க்க உங்களுக்கு என்ன தடை என்பது. நோயாளியின் உரிமையைப் பேசும் இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வழியே இல்லை என்பது நோயின் ஒரு கட்டத்தைத்தான் சொல்கிறது; இழக்க ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருளில்லை. குழல் அளவு பார்வை மிச்சமிருக்கும் ஒருவர் அதை வைத்துப் பேருந்து எண்ணைப் படிக்கிறார், மகளின் முகத்தைப் பார்க்கிறார். ஃபுளோரிடாவில் போனது அந்த மிச்சம்தான். அடுத்தது, முயன்று பார்ப்பது என்றால் முயற்சியின் முடிவு யாருக்காவது தெரிய வேண்டும். கிளினிக்கில் ஆயிரம் பேர் ஊசி போட்டுக்கொண்டாலும் அடுத்து வருகிறவர் இருட்டில்தான் நிற்கிறார், ஏனென்றால் தோற்ற கண்களை அங்கே யாரும் எண்ணுவதில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து, நோயாளியிடம் கொஞ்சமாவது வாங்காவிட்டால் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வரும், அறிவியல் தேங்கிவிடுமே என்கிறார்கள். ஜப்பான் 2014இல் இதற்காகவே சட்டத்தைத் தளர்த்தியது. பாதுகாப்பானது, பலன் இருக்கலாம் என்ற நிலையிலேயே நிபந்தனை அனுமதி கொடுத்து, விற்றுக்கொண்டே சான்று திரட்டலாம் என்றது. இதயத்தில் ஒட்டும் தசை செல் படலமான ஹார்ட்ஷீட் 2015இல் அப்படி அனுமதி பெற்றது. 2024இல் அரசின் நிபுணர் குழு அதன் பலன் நிரூபணமாகவில்லை என்றது. அது சந்தையிலிருந்து போனது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நோயாளிகளும் காப்பீடும் பணம் கொடுத்திருந்தார்கள். நேர்வழியில் போனவர்கள் தேங்கிவிடவுமில்லை. 2025இல் வெளியான முதல் வகை நீரிழிவு ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள்.

இலவச ஆய்வு என்றால் அதற்கு ஏழைகள்தான் அகப்படுவார்கள், அவர்களைச் சோதனை எலிகளாக்குவதுதானே உங்கள் அறம் என்ற கேள்வியை வட சென்னையில் இருப்பவர் யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களைக் குடிவைத்த எர்ணாவூர் சுனாமி நகரில், 2007 தொடக்கத்தில், பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியே வந்தது. உறுப்பு வணிகத்தைத் தடை செய்த 1994 சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அனுமதிக் குழு இருந்தது. பாசத்தால் கொடுக்கிறேன் என்று எழுதிய தாள்களில் கையெழுத்தும் இருந்தது. பசியோடு போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இந்தப் பகுதி அப்படித்தான் அறிந்தது. ஆகவே இலவசம் என்பது முதல் படிதான். ஆய்வில் கெடுதல் வந்தால் வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வேலை இழந்த நாட்களின் கூலியையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். மணலி ஆலையில் கண் வெந்த ஒடியா இளைஞரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த சம்மதப் படிவத்தை நீட்டக் கூடாது. அவரோடு துணைக்கு வந்து நிற்பவர் அவருடைய ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி என்றால், அந்த மேஸ்திரியை அறைக்கு வெளியே உட்கார வைக்க வேண்டும். அதற்காக ஏழைகளையே ஆய்வுக்கு வெளியே வைப்பதும் அநீதி. சுண்ணாம்பும் காஸ்டிக்கும் வேக வைப்பது அவர்கள் கண்ணைத்தான். அவர்களை விட்டுவிட்டு நடத்தும் ஆய்வு யாருக்காக?

கருவைப் பற்றிய கேள்வியும் இங்கே உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கத்தோலிக்க மீனவர்கள் வாழும் கரை இது. கரு உயிர்தான் என்று நம்புகிறவருக்கு 1998இல் அமெரிக்க ஆய்வாளர் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தது கொண்டாட்டமான செய்தியாக இருந்திருக்காது. அந்த மனத்தடையை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். தன் நோயாளி எதை ஏற்க மாட்டார் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யமனாகாவின் முறை அந்த நெருக்கடியைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஆனால் கருவைப் பற்றி உலகம் வாதிட்ட வேகத்தில், கருமுட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றிப் போதுமான பேச்சு எழவில்லை. மனிதக் கருவைக் குளோன் செய்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004இலும் 2005இலும் எழுதிய தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக்கின் கட்டுரைகள் பொய் என்று தெரிந்து 2006இல் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கருமுட்டைகள் செலவாயின, கொடுத்தவர்களில் பணம் பெற்ற பெண்களும் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை செய்த இளம் பெண்களும் இருந்தார்கள். நம் மாநிலத்திலேயே 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகளை விற்ற வழக்கு வந்தது. ஸ்லெட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் பனிக்குடச் சவ்வும் ஒரு தாயின் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதுதான். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கு அவள் ரத்தத்தைச் சோதிக்கிறோம். சவ்வை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கவும் வேண்டும். 1880 முதல் ராயபுரத்தில் பிரசவம் பார்த்துவரும் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மருத்துவமனைகளில் பிள்ளை பெற வரும் பெண்ணிடம், உன் நஞ்சுக்கொடியால் இன்னொருவருக்குக் கண் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பவர் மிகக் குறைவாகவே இருப்பார்.

ஸ்லெட்டால் ஆகாதவர்கள் இரண்டு கண்ணும் வெந்தவர்கள். எடுப்பதற்கு அவர்களிடம் நல்ல ஓரம் இல்லை. உறவினரிடமிருந்தோ இறந்தவரிடமிருந்தோ எடுத்து வைத்தால் உடல் அதை நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நீண்ட காலம் சாப்பிட வேண்டும். சர்க்கரையும் காசநோயும் மலிந்த இந்தத் தெருக்களில் அது பெரிய அபாயம். அவர்களுக்காக நான் கவனித்துவருவது ஒசாகாவை. அங்கே நிஷிதாவின் குழு, யமனாகா முறைச் செல்களிலிருந்து கருவிழித் தோலை வளர்த்து நான்கு பேருக்கு வைத்து, இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2024இல் லான்செட்டில் வெளியிட்டது. நால்வருக்கும் முதலில் பார்வை கூடியது, மூவருக்கு அது நிலைத்தது, கட்டி எதுவும் வளரவில்லை. நான்கு கண்களை வைத்து நோயாளிக்கு வாக்குறுதி தர முடியாது. அடுத்த கட்டத்துக்கு இன்னும் பல கண்கள் வேண்டும், அவற்றில் ரசாயனத்தில் வெந்தவை நிறைய வேண்டும். அப்படிப்பட்ட கண்கள் சென்னையில் இருப்பதுபோல் ஒசாகாவில் இருக்காது. அந்த ஆய்வு இங்கே வருமானால், கண் போன பிறகு வேலையும் போய்ச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டவரையும் இரண்டு ஆண்டுகள் விடாமல் பார்த்தாக வேண்டும். அதனால் ஆய்வின் வரவுசெலவில், ஆய்வகத்துக்கும் அறுவைக்கும் ஒதுக்கும் அதே தாளில், ஒடிசாவின் பெர்ஹாம்பூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு அவரும் துணைக்கு ஒருவரும் வந்துபோகும் ரயில் கட்டணத்தை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.